நம் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடைக்கென்று வழிவழியாக வந்த பொருள்கள் சில உண்டு. குறளின் மாண்பு, சிலம்பு காட்டும் நீதி, பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பித்தலின் இன்றியமையாமை ஆகியவற்றை நம்மினும் கற்றவர்கள் ஆண்டுதோறும் இங்கே அழகுறப் பேசியிருக்கின்றனர். மெட்ரிகுலேஷன் வரை படித்து, இருபதாண்டுகளாகச் சரக்கு ஆபீஸிலும் முன்பதிவு ஆபீஸிலும் காகிதம் புரட்டிய நம்மிடம் அப்பொருள்களை ஒப்படைக்காமல், வாக்காளர் பட்டியலையும் ஊர்த் தேர்தலையும் பற்றிப் பேசுக எனச் செயற்குழுவினர் பணித்தமைக்கு நன்றி. பட்டியல்களோடு பழகிய கைக்குப் பட்டியலைப் பற்றிப் பேசுவது எளிது.

'சங்க மேடையில் தேர்தற் பேச்சா?' என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். அவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள் 1966ஆம் ஆண்டு வந்தவை. அவற்றின்படி நாம் எக்கட்சியிலும் சேரலாகாது. சட்டசபைக்காயினும் நகரசபைக்காயினும் ஒருவருக்காக வாக்குக் கேட்கலாகாது. வேட்பாளராக நிற்கவும் ஆகாது. ஆனால் அதே விதி, வாக்களிக்கத் தகுதியுள்ள ஊழியர் வாக்களிக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. எவ்வாறு வாக்களிக்கப் போகிறோம், எவ்வாறு வாக்களித்தோம் என்பதை மட்டும் வெளியிடலாகாது. ஆகவே இன்று எக்கட்சியின் பெயரும் இங்கு ஒலிக்காது. பட்டியலில் பெயர் இருத்தல் கட்சி விஷயமன்று, குடும்ப விஷயம்.

தமிழர் கூடும் இடத்தில் தேர்தல் என்ற சொல் எழுந்ததும் உத்திரமேரூர் நினைவுக்கு வாராமல் இராது. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் அவ்வூர்க் கோயிற் சுவரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எனக் குழுக்கள் அமைந்தன. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் விலக்கப்பட்டனர். இன்றைய நகரசபை எதற்கும் இவ்விதி பொருந்தும் என்று நாம் பெருமூச்செறிகிறோம். ஆயினும் அக்கல்வெட்டின் தகுதிப் பகுதியை நாம் மறந்துவிடுகிறோம். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் இருத்தல் வேண்டும், தன் மனையிலே அகம் எடுத்துக்கொண்டு இருத்தல் வேண்டும், முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்கு உட்பட்ட வயது வேண்டும், வேதக்கல்வி வேண்டும். ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் நம்மில் ஒருவர் ஓலையும் அக்குடத்துள் விழுந்திராது. தாய்மார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டா. சொந்த மனையும் நிலமும் இல்லாதவனுக்கும், எழுத்தறியாதவளுக்கும், கருவூலத்துக்கு ஒரு காசு வரி கட்டாதவர்க்கும் ஒரே அளவான வாக்கு என்பது இக்குடியரசு தந்தது. உத்திரமேரூரைப் பற்றி உரக்கப் பேசிவிட்டு, வாழும் ஊரின் பட்டியலில் பெயரில்லாமல் வீடு திரும்புவோமாயின் அப்பெருமை எவ்வளவு காலம் நிற்கும்?

இனி விஷயத்துக்கு வருவோம். நம் காலனியில் எவரையேனும் 'உங்கள் வாக்கு எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஊரில் இருக்கிறது' என்ற விடை வரும். ஊர் என்பது திருநெல்வேலிச் சீமையிலோ தஞ்சைப் பகுதியிலோ உள்ள கிராமம். பதினைந்து ஆண்டுகளாக இம்மத்தியப் பிரதேச ஜங்ஷனில் குடியிருந்து, பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளியிறுதித் தேர்வு எழுதியிருப்பர்; வாக்கு மட்டும் ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் காத்துக் கிடக்கும். தேர்தலன்று ஊர் போனவர் அரிது. போனாலும், கோடை விடுமுறைப் பாஸும் தேர்தல் தேதியும் ஒத்து வந்தால்தான்.

இதை நாம் எள்ளி நகையாடவில்லை. ஊர்ப் பட்டியலில் பெயர் இருப்பது தொப்புள்கொடி போன்றது என்று நம் சங்கத்தின் மூத்தவர் ஒருவர் சொன்னார். தந்தையார் இறந்து, வீடு பாகம் பிரிந்து, நிலம் கைமாறிய பிறகு, 'நான் இவ்வூரான்' என்று சொல்ல மீந்திருப்பது அப்பட்டியலில் உள்ள ஒரு வரிதான் என்றார் அவர். அவர் குரல் தழுதழுத்தது. அதற்கு என்ன விடை கூறுவது? சட்டத்தைத்தான் எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், இருபதாம் பிரிவு. ஒருவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடமே அவர் பெயர் பதிவாக வேண்டிய இடம். ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒரு காரணத்தினாலேயே ஒருவர் அங்கே குடியிருப்பவராகிவிடார் என்று அப்பிரிவே உரைக்கிறது. ஆகவே ஊரில் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடு நமக்கு அங்கே வாக்குரிமை தருவதில்லை. அதே பிரிவு மற்றொன்றும் சொல்கிறது: தற்காலிகமாக வெளியூர் சென்றிருப்பதால் மட்டும் ஒருவர் தம் குடியிருப்பை இழந்துவிடார். மகள் பிரசவத்துக்காக நான்கு மாதம் சென்னை போன தாயார் இவ்வூர் வாக்காளர் அல்லர் என்று யாரும் சொல்ல முடியாது. இவ்விரு வாசகங்களையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் நம் வழக்கு முழுவதும் தீர்ந்துவிடுகிறது. இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருத்தல் பதினேழாம் பிரிவின்படி கூடாது. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் முப்பத்தொன்றாம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

'ராணுவத்தாருக்குச் சொந்த ஊர் வாக்கு உண்டே, ரயில்வேக்கு இல்லையா?' என்று ஓர் இளைஞர் கேட்டார். இல்லை. படைவீரர்களுக்கும், வெளிமாநிலத்தில் பணியாற்றும் மாநில ஆயுதப் போலீசாருக்கும், அயல்நாட்டில் அரசுப் பதவி வகிப்போருக்கும் அச்சட்டம் அத்தனிச் சலுகையை அளித்திருக்கிறது. நாம் அவ்வகையில் சேர்ந்தவர்கள் அல்லோம். ஊர் ஊராக மாற்றலாகிப் போனாலும் சட்டத்தின் கண்ணில் நாம் சாதாரணக் குடிமக்களே.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். கணவர் மட்டும் இங்கே குவார்ட்டர்ஸில் இருக்க, மனைவி ஊரில் மாமனார் மாமியாரைப் பேணிக்கொண்டு பிள்ளைகளோடு உண்மையாகவே அங்கே வாழ்ந்தால், அவ்வம்மையாரின் பெயர் அங்கேதான் இருக்க வேண்டும். அதைப் பிடுங்கி இங்கே நடவேண்டியதில்லை. எவர் எங்கே உண்டு உறங்கி வாழ்கிறாரோ அங்கே என்பதுதான் அளவுகோல்.

அடுத்து, 'நகரசபையால் நமக்கு என்ன ஆகப் போகிறது?' என்னும் கேள்வி. இதுவே பெரிய கேள்வி. நமக்குக் குடிநீர் ரயில்வே தருகிறது. விளக்கு ரயில்வே தருகிறது. காலனித் தெருவை ரயில்வே பெருக்குகிறது. அரசியல் சாசனத்தின் 285ஆம் விதிப்படி மத்திய அரசின் சொத்துக்கு நகரசபை வரி விதிப்பதில்லை. வரியும் இல்லை, வாங்கும் சேவையும் இல்லை. ஆகையால் உறவும் இல்லை என்று நாம் கணக்குப் போட்டுவிட்டோம். ஒரு கிளார்க்கின் கண்ணுக்கு இக்கணக்கில் பல இனங்கள் விட்டுப் போயிருக்கின்றன. காலனி மதிலைத் தாண்டியவுடன் வரும் சாலை யாருடையது? நாம் காய்கறி வாங்கும் சந்தைத் திடல் யாருடையது? பிள்ளைகள் டியூஷன் முடிந்து இருட்டில் நடந்து வரும் சந்தில் எரியாத விளக்கு யாருடையது? நம் காலனிக் கழிவுநீர் எந்தச் சாக்கடையில் போய்ச் சேர்கிறது? கொசுவுக்கு ரயில்வே எல்லைக்கல் தெரியுமா? கடைசியாக நம்மைச் சுமந்து செல்லும் மயானத்துக்கு வேலி போடுவது யார்? இத்தனையும் நகரசபையின் பொறுப்பு. பிறப்புச் சான்றிதழுக்கும் பெரும்பாலும் அவ்வலுவலக வாசலில்தான் நிற்கிறோம். அன்றியும் ஓய்வு பெற்ற மறுமாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, ஊர் திரும்பாமல், தண்டவாளத்துக்கு அப்பால் மனை வாங்கி வீடு கட்டியிருக்கும் நம் குடும்பங்கள் பல. அவர்கள் வீட்டு வரியும் தண்ணீர் வரியும் கட்டுகிறவர்கள். அவர்கள் வீட்டிலும் பாதிப்பேர் பெயர் பட்டியலில் இல்லை என்பதுதான் வியப்பு.

சென்ற மழைக்காலத்தில் நடந்ததைச் சிலர் அறிவீர்கள். தரைப்பாலத்தின் அடியில் முழங்காலுக்கு மேல் நீர் நின்றது. பள்ளி வேன் வர மறுத்தது. நம் சங்கத்தார் நால்வர் ஒரு மனு எழுதிக்கொண்டு வார்டு உறுப்பினரிடம் போனோம். 'பார்ஷத்ஜி' மரியாதையாகவே வரவேற்றார், தேநீர் வந்தது. மனுவைப் படித்த பின் மேஜையிலிருந்த வார்டுப் பட்டியலை எடுத்து நம் பிளாக் எண்களைக் கேட்டார். பக்கங்களைப் புரட்டினார். ஒன்றும் சொல்லவில்லை, பட்டியலை மூடி மேஜையறைக்குள் வைத்தார். 'பார்க்கிறேன்' என்றார். தண்டவாளத்துக்கு மறுபுறத்துச் சந்துக்கு அம்மாதமே சிமெண்டு வாய்க்கால் வந்தது, தரைப்பாலத்துக்கு வரவில்லை. அங்கே வாழ்வோர் பெரும்பாலும் மண்டியில் மூட்டை தூக்குவோர். அவர்கள் வீடு வீடாகப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்ததைக் குறித்து நமக்கு வருத்தமில்லை; உரியதைப் பெற்றார்கள். அவ்வுறுப்பினரை ஏசுவதிலும் பயனில்லை. வாக்காளரை முதலில் கவனிப்பது அவர் தொழிலின் இலக்கணம்.

ஊர்த் தேர்தலில் ஒரு வாக்கின் எடை எத்தகையது என்பதையும் எண்ணுங்கள். பாராளுமன்றத் தொகுதி ஒன்றில் பதினைந்து லட்சம், இருபது லட்சம் வாக்காளர். இத்தகைய சிறு நகரத்தின் வார்டு ஒன்றிலோ ஆயிரக்கணக்கு எட்டுவதே அருமை. பத்து வாக்கில் வெற்றி, மூன்று வாக்கில் தோல்வி என்பதெல்லாம் இங்கே அதிசயமல்ல. இம்மாநிலத்தில் 2022 ஜூலையில் இரு கட்டமாக நகர்ப்புறத் தேர்தல் நடந்தபோது, சிறு நகரங்களின் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை. உறுப்பினர்களே கூடித் தேர்ந்தெடுத்தனர். அப்படியானால் ஒரு வார்டில் விழுந்த சில வாக்குகள் நகரத்தின் தலைவர் யார் என்பதையும் அசைத்திருக்கும். ஒரு பிளாக் குவார்ட்டர்ஸ் மனிதர் சேர்ந்தால் போதும்.

ஸ்தல ஸ்தாபனங்களுக்கு இத்தகைய உறுதியான இடம் கிடைத்ததே அண்மைக் காலத்தில்தான். 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், அதை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம், பெண்களுக்கு மூன்றிலொரு பங்குக்குக் குறையாத இடம் என்பவற்றைச் சாசனத்தில் எழுதியது. மத்தியப் பிரதேசம் பெண்களுக்குப் பாதி இடமே ஒதுக்கியது. அதற்கு முன் சென்னை மாநகராட்சி 1973இல் கலைக்கப்பட்டு 1996 வரை தேர்தலின்றிக் கிடந்ததை நம் தந்தையர் அறிவர். திருத்தம் வந்த பின்னும் காலதாமதம் ஒழிந்துவிடவில்லை. தமிழ்நாட்டு நகரங்களில் 2016இல் காலம் முடிந்த மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது. இங்கேயும் 2020 தொடக்கத்தில் முடிந்தவற்றுக்கு 2022 ஜூலை வரை அதிகாரிகளே ஆண்டனர். அக்காலத்தில் மனு கொடுக்கப் போனவர்களுக்குத் தேநீர்கூடக் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

ஒரு நுட்பத்தை இங்கே நன்றாக மனத்திற் கொள்ள வேண்டும். சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் உரிய பட்டியல் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. நகரசபைப் பட்டியல் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. அது வார்டுவாரியாக வேறாக வெளியிடப்படுகிறது. முன்னதில் பெயர் இருந்தால் பின்னதில் தானாக இருக்கும் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. வார்டு எல்லைகளை வரையும்போது ஒரு பிளாக்கின் வடபுறம் ஒரு வார்டிலும் தென்புறம் இன்னொரு வார்டிலும் போய்விடுவதுண்டு. சில வேளை இரண்டிலும் இல்லாமலும் போகும். வரைவுப் பட்டியல் ஒட்டப்படும் நாட்களில் போய்ப் படிக்க வேண்டும். 2022இல் அமைந்த மன்றங்களின் ஐந்தாண்டு 2027இல் நிறைகிறது என்பதை நாட்காட்டியில் குறித்துக் கொள்ளுங்கள்.

முன்பதிவு ஆபீஸில் நாம் நாள்தோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. பயணி கையில் டிக்கெட் இருக்கும். சார்ட் ஒட்டிய பின் பார்த்தால் பெயர் இராது. வெயிட்டிங் லிஸ்டில் நின்றுபோயிருக்கும். 'பணம் கட்டினேனே, டிக்கெட் இருக்கிறதே!' என்பார். படுக்கை சார்ட்டில் பெயர் உள்ளவருக்கே. வாக்காளர் அட்டை டிக்கெட்டைப் போன்றது, பட்டியல்தான் சார்ட். அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையேல் வாக்களிக்க இயலாது. பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால், ஆணையம் ஏற்றுக்கொள்ளும் வேறு அடையாளச் சான்றுகளைக் காட்டி வாக்களிக்கலாம். தேர்தற் பணிக்கு அனுப்பப்பட்டபோது, பளபளக்கும் அட்டையோடு வந்து பெயரில்லாமல் திரும்பிய முதியவர்களை நாம் கண்டிருக்கிறோம். முதல் அலுவலர் உரக்கப் பெயர் படிக்க வேண்டும். அவர் படிக்க ஒன்றுமில்லை. விரலில் மை வைக்கும் அலுவலர் குச்சியைக் கையில் பிடித்தபடி இருப்பார். அந்த மை மைசூரிலிருந்து, ஒரு கர்நாடக அரசு நிறுவனத்திலிருந்து, 1962 தேர்தல் முதல் நாடு முழுவதும் போகிறது. தென்னாட்டு மைக்கு இங்கே இடமுண்டு, தென்னாட்டு விரலுக்குத்தான் இல்லை.

தாய்மார்களுக்குத் தனியாகச் சில சொற்கள். 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்த முதற் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனவர்களிடம் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டனர். 'இன்னார் மனைவி', 'இன்னார் தாய்' என்றே சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையராயிருந்த சுகுமார் சென், சொந்தப் பெயரில்லாத பதிவை ஏற்க முடியாது என்று உறுதியாக நின்றார். ஏறத்தாழ எட்டுக் கோடிப் பெண் வாக்காளரில் 28 லட்சம் பேர் பெயரின்றி விடுபட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். பின்னிரண்டும் 1956இல் சேர்ந்துதான் இன்று நாம் வாழும் மாநிலத்தின் பகுதிகளாயின. அதாவது, நம் தெருக்கோடியில் கடலை வறுத்து விற்கும் பாட்டியின் தாயார் அந்த 28 லட்சத்தில் ஒருவராக இருந்திருக்கலாம். அடுத்த தேர்தலுக்குள் அக்குறை பெரிதும் நீங்கியது. இன்று அப்பாட்டி தம் பெயரைத் தாமே சொல்கிறார். வரிசையில் முதலில் நிற்கிறார். நம் வீடுகளிலோ, படித்த பெண்கள், கணக்குப் பட்டம் பெற்ற பெண்கள், 'அவர் பெயர் இருக்கிறதே, போதாதா?' என்கிறார்கள். கணவர் மாற்றலாகி வந்தபோது அவர் மட்டும் படிவம் கொடுத்து, மனைவியின் பெயர் பழைய ஊரிலேயே தங்கிவிட்டதும் உண்டு. சம்பள பில்லில் கணவர் பெயர் மட்டும் இருக்கலாம். பட்டியல் சம்பள பில் அன்று.

பெயர் என்றதும் நமக்கே உரிய தொல்லை ஒன்று நினைவுக்கு வருகிறது. தேவநாகரியில் நம் பெயர்கள் படும் பாட்டை என்னவென்பது! தேன்மொழி, 'தேன்மோஜி' ஆகிறாள். எழிலரசி, 'ஏஜிலராசி' என்று அழைக்கப்படும்போது தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று அறியாமல் நிற்கிறாள். ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்து இந்தியில் எழுதுவதால் வரும் வினை இது. எழுதுபவர் மீது குற்றமில்லை. இதனினும் பெரிய தொல்லை குலப்பெயர். 'சர்நேம் க்யா ஹை?' என்று கேட்கிறார்கள். நம்மிடம் அது இல்லை, முதலெழுத்துத்தான் உண்டு. அவசரத்தில் தந்தை பெயரைச் சொல்கிறோம். மகனுக்கு அவன் தந்தை பெயர், தந்தைக்கு அவர் தந்தை பெயர், மனைவிக்குக் கணவர் பெயர், மருமகளுக்கு மறுபடி வேறு. ஒரே வீட்டில் நான்கு பேர், நான்கு குலப்பெயர். சரிபார்க்க வருபவர், இவ்வீட்டில் நான்கு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன போலும் என்று குறித்துக்கொண்டு போகிறார். படிவத்தில் 'குலப்பெயர் இருந்தால்' என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் விட்டுவிடலாம். ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். இந்தி எழுத்தை நாமே எழுதிக் கொடுத்தல் நலம். நம் காலனிப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலேயே பிழையின்றி இந்தி எழுதுகிறவர்கள். பாட்டியின் பெயரை அவர்கள் எழுதித் தரட்டும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் 4 முதல், தமிழ்நாடு, மத்தியப் பிரதேசம் உட்படப் பன்னிரண்டு மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஒரே வேளையில் தீவிரத் திருத்தம் நடந்தது. அப்போது நம் வீடுகளில் எழுந்த கலக்கம் நினைவிருக்கும். இங்கே ஒரு படிவம்; ஊரில் அண்ணன் கையில் ஒரு படிவம். 'கையெழுத்துப் போட்டு அனுப்பு, பெயர் போய்விடும்' என்று ஊரிலிருந்து தொலைபேசி. இரண்டிலும் கையெழுத்திட்டால் சட்டப் பிழை. ஒன்றில் மட்டும் என்றால் எதில்? இருபதாண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ கண்டுபிடித்துக் குறிக்க வேண்டியிருந்தது. நள்ளிரவு வரை கைப்பேசியில் கிராமத்துப் பாகம் பாகமாகத் தேடி, மறைந்த தந்தையின் பெயரைக் கண்டு கண்கலங்கியவர்கள் நம்மிடையே உண்டு. அவ்வாண்டு டிசம்பரில் வரைவுப் பட்டியல்கள் வந்தபோது தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கு மேலும், இங்கே 42 லட்சத்துக்கு மேலும் பெயர்கள் இல்லாமற் போயின. இறந்தவர், இடம் பெயர்ந்தவர், இரட்டைப் பதிவு, வீட்டில் காணப்படாதவர் எனக் காரணம் காட்டினர். ஊரில் 'இடம் பெயர்ந்தவர்' என்று நீங்கி, இங்கே பதிவும் செய்யாமல், இரு கரையிலும் இல்லாதவராக ஆனவர்கள் நம் காலனியில் சிலர் உளர். ஓய்வு பெற்ற கார்டு ஒருவரின் துணைவியார், மகள் வீட்டுக்குப் போயிருந்த வேளையில் இங்கே நீங்கினார். ஊரில் அவர் பெயர் எப்போதும் இருந்ததில்லை. எழுபது வயதில் அவர் இப்போது எந்த ஊரிலும் வாக்காளர் அல்லர். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: 'ரேஷனும் இல்லை, ஓட்டும் இல்லை, இருக்கிறேன் என்பதற்கு உங்கள் சங்கத்துச் சந்தா ரசீதுதான் சாட்சி.' புதுப் படிவம் கொடுத்து அவர் பெயரைச் சேர்க்கும் பணியைச் சங்கம் ஏற்றிருக்கிறது.

இளைஞர்களுக்கு ஒன்று. 1989 மார்ச் வரை வாக்குரிமை வயது 21. 61ஆவது திருத்தம் அதை 18 ஆக்கியது. முன்பு ஜனவரி முதல் நாள் ஒன்றே தகுதி நாள். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாட்கள் நான்கும் தகுதி நாட்கள். பதினேழு நிறைந்தவுடனேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். நகரசபை உறுப்பினராக நிற்க 21 வயது போதும். நமக்கு நடத்தை விதி தடை. நம் பிள்ளைகளுக்குத் தடையில்லை. இதைக் கேட்டுச் சில தாய்மார்கள் கலங்குவது தெரிகிறது. பிள்ளைகள் முதலில் தேர்வு எழுதட்டும்.

சங்கத்தின் நிலையையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுதல் நலம். சென்ற ஊர்த் தேர்தல் சமயத்தில் ஒருவர், 'உங்கள் பொங்கல் விழாப் பந்தற் செலவு என்னுடையது; உங்கள் ஆட்கள் வாக்கு எனக்கு' என்று சொல்லி அனுப்பினார். செயற்குழு மறுத்தது. பந்தல் இல்லாமல் மண்டபத்தின் உள்ளேயே பொங்கல் வைத்தோம். புகை சூழ்ந்து எல்லோர் கண்ணிலும் நீர். சிலருக்கு இன்னும் அதில் வருத்தம். பெயர்களைப் பட்டியலில் ஏற்றிய பின் இத்தகைய தூதுகள் இன்னும் மிகுதியாக வரும். ஆகவே, தேர்தல் அறிவிப்பு முதல் முடிவு வரை சங்கம் எவரிடமும் நன்கொடை பெறுவதில்லை. எவருக்கு வாக்களிப்பது என்று மேடையிலோ தனியாகவோ சொல்வதில்லை என்ற தீர்மானத்தை வரும் பொதுக்குழுவில் வைக்க இருக்கிறோம். பட்டியலில் ஏற்றுவது வரை சங்கத்தின் வேலை. திரைக்குப் பின்னே நிற்பவர் தனியாகத்தான் நிற்க வேண்டும்; கணவரும் உடன் வரலாகாது.

படிவங்களைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். இதுவரை எங்கும் பெயர் இல்லாதவர்களுக்கு ஆறாம் படிவம். ஒரு புகைப்படம், வயதுச் சான்று, முகவரிச் சான்று வேண்டும். வேறு ஊரில் பெயர் உள்ளவர்களுக்கு எட்டாம் படிவம். இடமாற்றம், பிழைதிருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று எல்லாவற்றுக்கும் அதுவே. எட்டாம் படிவம் கொடுத்தால் பழைய ஊரில் தனியே நீக்கச் சொல்லி எழுத வேண்டியதில்லை. அட்டையின் எண்ணும் மாறாது. மாற்றல் உத்தரவு வந்தவுடன் கடைசிச் சம்பளச் சான்றிதழை மறவாமல் வாங்கிச் செல்கிறோம் அல்லவா? புதிய ஸ்டேஷனில் சேர்ந்த மாதமே எட்டாம் படிவத்தையும் அவ்வாறே கொடுத்துவிட வேண்டும். முகவரிச் சான்று இல்லையே என்று மலைக்க வேண்டா. வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து பார்த்து உறுதி செய்வார். ஐயம் எழுந்தால் 1950 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யலாம்.

இவ்விழா முடிந்த பின்வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை சங்க நூலகத்தில் இரண்டு மேஜைகள் இருக்கும். ஒன்றில் நாம் இருப்போம். மற்றொன்றில் பிளஸ் டூ மாணவிகள் இருவர் இந்தியில் எழுதித் தருவார்கள். இரவுப் பணி முடிந்து வருவோர்க்காகச் செவ்வாய்க்கிழமை காலையிலும் ஒரு மணி நேரம் திறந்திருக்கும். வரும்போது ஆதாரின் நகலும், பழைய வாக்காளர் அட்டை இருந்தால் அதன் நகலும் கொண்டு வாருங்கள். மனைவியையும் உடன் அழைத்து வாருங்கள். அவர் கையெழுத்தை அவரே போட வேண்டும். நகல் எடுக்கும் இயந்திரம் சென்ற வாரம் பழுதாகிவிட்டது. ஆகையால் நகல்களை வெளியிலேயே எடுத்துக்கொண்டு வருவது நல்லது.